முத்துப்பாரும் பொதுப்படமும்: மன்னார்க் கரையில் வரைபட அறிவின் வெளிப்படையும் மறைவும்

இலங்கையின் வடமேற்கே, பாக்கு நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இடையே அமைந்திருப்பது மன்னார்த்தீவு. அதன் மேற்கு முனையாகிய தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்தீவை நோக்கி ஆதாம்பாலம் எனப்படும் மணற்றிட்டுத் தொடர் செல்கின்றது. தீவுக்குத் தெற்கே வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி, முள்ளிக்குளம் முதலிய ஊர்கள் கரையை ஒட்டி அமைந்துள்ளன. இக்கரைக்கு அப்பாற் கடலடியிற் கிடக்கும் முத்துப்பார்களே இப்பிரதேசத்துக்கு உலக வரலாற்றில் ஓரிடத்தைப் பெற்றுத் தந்தன.

முத்துக்குளிப்பின் வருமானம், அதனால் எழுந்த அரசியற் போட்டிகள், குளிகாரரின் சமூகநிலை ஆகியன பற்றிப் பலர் எழுதியுள்ளனர். ஆயின் முத்துக்குளிப்புக்கு அடிப்படையாய் அமைந்த பிறிதொன்றும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத பார்கள் எங்குக் கிடக்கின்றன, எவ்வாண்டு எப்பாரிற் சிப்பி முதிர்ந்துள்ளது என்னும் அறிவே அது. அவ்வறிவு தனியொருவரால் ஆக்கப்பட்டதன்று. பலருடைய கண்ணும் காதும் கையும் சேர்ந்தே அதனை ஆக்கின. அவ்வாறு சேர்ந்த அறிவு யாரிடம் இருந்தது, யாருக்குச் சொல்லப்பட்டது, யாருக்கு மறைக்கப்பட்டது என்னும் வினாக்கள் அன்றைக்கு மட்டும் உரியன அல்ல. 2004ஆம் ஆண்டு தொடக்கம் உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் கணினி வலைவழி ஒன்றுசேர்ந்து வரைந்துவரும் பொது வரைபடத்திலும் இதே வினாக்கள் எழுந்துள்ளன. மன்னார்க் கரையின் பழைய அனுபவம் இப்புதிய முயற்சிக்குத் தரும் படிப்பினை யாது என்பதே இங்கு ஆராயப்படுவது.

செவிவழி வந்த கடலறிவு

பார் என்பது கடலடியிலுள்ள பாறைத்தளம். பெரிய பார், சேவல் பார், மோதரகம், வங்காலைப் பார் எனப் பெயர் பெற்ற இத்தளங்கள் பெரும்பாலும் ஐந்து முதற் பத்துப் பாகம் வரையான ஆழத்திற் கிடப்பன. கரையிலிருந்து பல மைல் தொலைவில் உள்ளன. மன்னார்க் கரையோ தாழ்ந்தது. மலை யாதும் இல்லை. திருகோணமலை போன்ற கரைகளிற் குன்றுகளைக் குறியாகக் கொண்டு இடத்தை அறிவது எளிது. மன்னாரிற் பாரை அடையுமுன்பே கரை கண்ணை விட்டு மறையத் தொடங்கிவிடும். ஆகவே நீரின் நிறம், நீரோட்டத்தின் போக்கு, ஆழக்கயிற்றில் ஒட்டிவரும் மணலின் தன்மை, கரையில் எஞ்சித் தெரியும் ஓரிரு குறிகள் ஆகியவற்றைச் சேர்த்தே இடத்தைத் துணிய வேண்டியிருந்தது.

இத்துணிவு அடப்பனார் எனப்பட்ட தலைவர்களிடமும், தோணிகளைச் செலுத்திய தண்டல்களிடமும், வாடைக்காற்று ஓய்ந்து சோளகம் தொடங்குமுன் ஆண்டுதோறும் கடலிறங்கிய குளிகாரரிடமும் இருந்தது. தகப்பன் மகனுக்குச் சொல்ல, மாமன் மருமகனுக்குக் காட்ட அது தொடர்ந்தது. அதனை மறைபொருள் எனக் கொள்வது முழுதும் பொருந்தாது. ஒரே தோணியிற் சென்றவர்க்கு அது வெளிப்படையே. தோணிக்குப் புறத்தே நின்றவர்க்கு அது கிட்டாதது. இன்றைய வழக்கிற் கூறின் அது ஒரு குழுவினுள் மட்டும் வழங்கிய தனித்தொடர்பு ஆகும்.

இத்தகைய அறிவுக்குச் சில சிறப்புக்கள் உண்டு. சொல்பவனைக் கேட்பவன் அறிவான். ஐயம் தோன்றின் அங்கேயே வினவித் தெளிவான். கடலிற் சென்று நேரே சோதித்தும் பார்ப்பான். ஆயின் அதன் குறை பெரிது. சொன்னவன் மறைந்தால் அவன் துணிந்ததற்கான காரணமும் அவனோடு மறைந்துவிடும். எஞ்சுவது முடிவு மட்டுமே. பிற்காலத்தில் அம்முடிவு பிழையெனத் தோன்றினாலும் எவ்விடத்தில் வழு நேர்ந்தது என்று காண இயலாது.

பூட்டிய பெட்டியுள் இருந்த படங்கள்

1560இற் போர்த்துக்கேயர் மன்னாரிற் கோட்டை அமைத்தனர். போர்த்துக்கேய அரசு தன் கடற்படங்களை அரச இரகசியமாகவே கருதியது. கடலோடித் திரும்பிய மாலுமிகளின் செய்திகளைக் கொண்டு திருத்தப்பெற்ற மூலப்படம் லிஸ்பனில் அரச காவலில் இருந்தது. மாலுமிகள் பலர் சேர்ந்து ஆக்கிய படமாயினும் அதனைக் காணும் உரிமை சிலருக்கே இருந்தது. இத்துணைக் காவலிருந்தும் அறிவு கசியாமலில்லை. 1502இல் இத்தாலிய நாட்டுப் பிரபு ஒருவரின் முகவரான கன்ரினோ என்பார் போர்த்துக்கேயப் படமொன்றின் படியை வெளியே கொண்டு சென்றமை வரலாற்றிற் பதிவாகியுள்ளது.

1658இல் மன்னாரைக் கைப்பற்றிய ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி இம்முறையை மேலும் ஒழுங்குபடுத்தியது. கம்பனியின் கப்பற்றலைவர்கள் தம் பயணக் குறிப்பேடுகளைத் திரும்பியதும் ஒப்படைத்தல் வேண்டும். கம்பனியின் படவரைஞர் அவற்றைக் கொண்டு படங்களைத் திருத்துவார். கையால் வரைந்த படிகள் கப்பற்றலைவர்க்கு வழங்கப்பெற்றுப் பின் மீளப் பெறப்பட்டன. ஆசியக் கடல்களுக்கான இப்படங்கள் 1753இல் வன் கூலன் பதிப்பகத்தார் வெளியிட்ட படத்தொகுதி மூலமே அச்சில் விரிவாக வெளிவந்தன. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு காலம் அவை கம்பனியின் உட்பொருளாகவே இருந்தன.

அதே காலத்தில் அச்சேறிய நூலும் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய ஒல்லாந்த மதகுரு பிலிப்பஸ் பல்தேயஸ் 1672இல் அம்ஸ்ரடாமில் வெளியிட்ட நூல் மலையாளக் கரை, சோழமண்டலக் கரை, இலங்கை ஆகியவற்றைப் படங்களுடன் விவரித்தது. கம்பனியின் இரகசியப் படங்கள் அதனினும் நுட்பமாயிருந்திருக்கலாம். ஆயினும் பல்தேயஸின் நூலையே பின்வந்தோர் படித்தனர், மொழிபெயர்த்தனர், குறை கண்டனர், திருத்தினர். பொதுவில் வைக்கப்பட்ட அறிவுக்கு எதிர்வாதம் கிடைக்கின்றது. எதிர்வாதத்தினால் அது வளர்கின்றது. பூட்டிவைத்த அறிவு அதனைப் பூட்டியவரின் திறமையளவே வளரும்.

வர்த்தமானியும் அறிக்கையும்

1795இல் மன்னார் பிரித்தானியர் வசமாயிற்று. அதே ஆண்டிலேயே பிரித்தானியக் கடற்படையின் நீரளவை அலுவலகம் நிறுவப்பட்டது. தேசாதிபதி பிரடெரிக் நோர்த் 1800 ஆவணி 2ஆம் நாள் இலங்கையின் நில அளவைத் திணைக்களத்தைத் தொடக்கினார். முத்துக்குளிப்பைக் கண்காணிப்பதற்கென அவர் அரிப்புக் கரையிற் கட்டுவித்த மாளிகையின் சிதைவுகள் கடலரிப்புக்குள்ளாகி இன்றும் நிற்கின்றன.

தகவற்றொடர்பு வரலாற்றை நோக்குவார்க்கு இக்காலப்பகுதியின் சில ஆண்டுகள் முக்கியமானவை. 1821 முதல் பிரித்தானியக் கடற்படங்கள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. 1834இற் 'கடலோடிகளுக்கான அறிவித்தல்கள்' வெளிவரத் தொடங்கின. எந்தக் கப்பற்றலைவனும் புதிதாய்க் கண்ட பாறையையோ மணற்றிட்டையோ அலுவலகத்துக்கு அறிவிக்கலாம். அச்செய்தி ஆராயப்பட்டு அனைவர்க்கும் அறிவிக்கப்பெறும். தனியொருவர் எழுதும் கடிதம் பொது அறிவித்தலாக மாறும் வழி இவ்வாறு வகுக்கப்பட்டது. அதே 1834இற்றான் கற்பிட்டியிற் பிறந்த தமிழரான சைமன் காசிச்செட்டி இலங்கையின் இடங்களை அகரவரிசையில் விவரிக்கும் 'சிலோன் கசற்றியர்' என்னும் நூலை வெளியிட்டார். ஊர்தோறும் செவிவழி வழங்கிய இடப்பெயர்ச் செய்திகள் அச்சிற் பொதுவாக்கப்பட்டமைக்கு இந்நூல் சிறந்த சான்று.

முத்துக்குளிப்பிலும் இம்மாற்றம் நிகழ்ந்தது. குளிப்புக்கு முன் பரிசோதகர் பார்களைப் பார்வையிடுவார். ஒவ்வொரு தோணியிலும் குளிகாரர் இருக்க, அவை குறித்த இடமொன்றைச் சுற்றி வலம்வரும். குளிகாரர் இறங்கிச் சொல்வதைக் கொண்டு சிப்பி உண்டா, அதன் வயது என்ன என்பன படத்திற் குறிக்கப்பெறும். ஆயிரக்கணக்கான சிப்பிகள் மாதிரியாக எடுக்கப்பட்டு, அவற்றின் முத்துக்கள் மதிப்பிடப்பட்டு, அம்மதிப்பீடு அரசாங்க அறிவித்தலாக வெளியிடப்படும். அவ்வறிவித்தலை நம்பியே தென்னிந்தியக் கரையிலிருந்தும் பிறநாடுகளிலிருந்தும் வணிகர் மறிச்சுக்கட்டியிலும் சிலாவத்துறையிலும் வந்து கூடினர். கரை சேர்ந்த சிப்பியிற் குளிகாரரின் பங்கு போக அரசின் பங்கு மாலைதோறும் பகிரங்க ஏலத்தில் விற்கப்பட்டது. மாதிரியின் மதிப்பை ஒரு வணிகன் மட்டும் முன்னரே இரகசியமாய் அறிந்திருப்பின் ஏலம் பொருளற்றதாகியிருக்கும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே செய்தி கிடைத்தமையே பல்லாயிரவரை அப்பாழ்வெளியிற் கூட்டிவைத்தது. 1905ஆம் ஆண்டுக் குளிப்பொன்றில் மட்டும் அரசு 25 இலட்சம் ரூபாவுக்கு மேற் பெற்றது.

செவிவழி அறிவின் வலுவீனத்தை இதே நூற்றாண்டின் இடைவெளிகள் புலப்படுத்துகின்றன. 1838 முதல் 1854 வரையும், 1864 முதல் 1873 வரையும், 1892 முதல் 1902 வரையும் இலங்கைப் பார்களில் முத்துக்குளிப்பு நிகழவில்லை. பதினேழு ஆண்டுகள் தொழில் நின்றுபோகும்போது வழிகாட்டும் தலைமுறையொன்று முதுமையெய்தி மறைந்துவிடக் கூடும். அந்நிலையில் எழுத்திற் பதிந்த அறிவே இடைவெளியைக் கடக்கும் பாலமாகின்றது. முத்துப்பார்ப் பரிசோதகராயிருந்த ஜேம்ஸ் ஸ்ருவாட் 1843இல், அதாவது முதலாம் இடைவெளியின் நடுவே, தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டமை கருத்திற் கொள்ளத்தக்கது.

மூன்றாம் இடைவெளியின் இறுதியில் லிவர்ப்பூற் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹேட்மன் 1902 தை மாதம் இலங்கைக்கு வந்தார். அவருக்குத் துணையாக வந்தவர் ஜேம்ஸ் ஹோர்னல். ஹேட்மனின் அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக லண்டன் றோயல் கழகத்தாரால் வெளியிடப்பட்டது. அதில் இடம்பெற்ற செய்தியொன்று இங்கு விரித்துரைக்கத்தக்கது. ஏறத்தாழ 11 கடல்மைல் நீளமும் ஒன்று முதல் இரண்டு மைல் அகலமும் உடைய பெரிய பாரை உள்ளூரார் 'தாய்ப்பார்' என்னும் பொருளிற் குறித்து வந்தனர். அங்குக் கோடிக்கணக்கில் இளஞ்சிப்பிகள் தோன்றுவதும் சில மாதங்களில் மறைவதும் அவர்கள் கண்ட உண்மை. அவை அங்கிருந்து பெயர்ந்து பிற பார்களுக்குச் செல்கின்றன என்பது அவர்கள் கொண்ட விளக்கம். ஹேட்மன் அக்காட்சியை ஏற்று, விளக்கத்தை மறுத்தார். அப்பார் ஆழ்கடலின் விளிம்பிற் கிடப்பதால் தென்மேற்குப் பருவக்காற்றின் வேகம் இளஞ்சிப்பிகளை அடித்தழிக்கின்றது என்றும், அவற்றை முன்கூட்டியே எடுத்துப் பாதுகாப்பான பார்களில் இடுதல் வேண்டும் என்றும் கூறினார்.

தோணியிற் பேசப்பட்ட சொல்லொன்று அறிக்கையில் ஏறியமையாலேயே அதனைச் சோதிக்க முடிந்தது. ஹேட்மனின் மறுப்பும் காரணங்களுடன் அச்சில் இருப்பதால் அதனையும் பின்வந்தோர் சோதிக்கலாம். இதுவே வெளிப்படையின் பயன்.

ஆயின் இவ்வெளிப்படைக்கு எல்லையும் இருந்தது. அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. 'தாய்ப்பார்' என்று சொன்னவர் யாவர் என்பது அதில் இல்லை. 'உள்ளூரார்' என்ற ஒரு சொல்லுள் அவர்கள் அடங்கிவிட்டனர். தாம் சொன்னது எவ்வாறு எழுதப்பட்டது என்பதைப் படித்துத் திருத்தும் வாய்ப்புக் குளிகாரருக்குக் கிட்டவில்லை. அறிவைத் தந்தவர் ஒருவர். அதனைப் பொதுவில் வைத்தவர் வேறொருவர். 'பொது' எனப்பட்டது லண்டனும் கொழும்பும். அதன்பின் 1906இல், ஆண்டுக்கு மூன்று இலட்சத்துப் பத்தாயிரம் ரூபாக் குத்தகைக்கு, இருபது ஆண்டுகளுக்கெனப் பார்கள் தனியார் கம்பனியொன்றிடம் ஒப்படைக்கப்பட்டன. 1907க்குப் பின் முத்துக்குளிப்பு அற்றுப்போகக் கம்பனியும் 1912இற் கலைக்கப்பட்டது. பின்னர் 1925இல் மீண்டும் ஒரு குளிப்பு நிகழ்ந்தது. இன்று முத்துக்குளிப்பு வரலாறாகிவிட்டது. எஞ்சியிருப்பன அச்சில் ஏறிய ஏடுகளும் பார்களின் பெயர்களுமே.

தன்னார்வலரின் பொதுப்படம்

2004இல் பிரித்தானியாவில் ஸ்ரீவ் கோஸ்ற் என்பார் 'ஓப்பன் ஸ்ரீற்மப்' என்னும் வரைபட முயற்சியைத் தொடக்கினார். அந்நாட்டு அரச நில அளவை நிறுவனத்தின் தரவுகள் பொதுமக்கள் வரியால் ஆக்கப்பட்டவையாயினும் அவற்றைப் பயன்படுத்தக் கட்டணமும் கட்டுப்பாடும் இருந்தமை இதற்குத் தூண்டுதலாயிற்று. விரும்பிய எவரும் தெருவையோ குளத்தையோ கட்டடத்தையோ வரையலாம். பிறர் வரைந்ததைத் திருத்தலாம். ஒவ்வொரு மாற்றத்தின் நாளும், செய்தவரின் கணக்குப் பெயரும், பழைய வடிவமும் அழியாது பேணப்படுகின்றன. 2010 தை 12ஆம் நாள் ஹெயிற்றியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின்போது உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் வான்படங்களைக் கொண்டு அந்நாட்டுத் தலைநகரின் தெருக்களைச் சில நாள்களில் வரைந்து மீட்புப்பணிக்கு உதவினர். இலங்கையில் 2012 அளவில் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் இணைந்து மட்டக்களப்புப் பகுதியின் கட்டடங்களையும் வீதிகளையும் இப்படத்திற் சேர்க்கும் பணியைத் தொடக்கின.

பலர் சேர்ந்து வரையும் படமாதலின் அவர்கள் தம்முள் பேசியேயாக வேண்டும். அப்பேச்சு இருவகைப்படும். எல்லாரும் படிக்கக் கூடிய பொது மடலும் கலந்துரையாடலும் ஒருவகை. இருவர்க்கிடையே செல்லும் தனிமடலும், சிலர் மட்டும் சேர்ந்த அரட்டைக் குழுவும், தேநீர்க்கடைச் சந்திப்பும் மற்றொரு வகை. இயக்கத்தின் ஆரம்ப காலத்தில் ஒருவரையொருவர் நேரில் அறிந்தோர் பலராதலால் இரண்டாம் வகை இயல்பாகவே வளர்ந்தது. இயக்கம் பரவப் பரவ, முன்பின் அறியாதோர் ஒரே குளத்தை வரைந்து முரண்பட நேர்ந்தது. அந்நிலையில் வெளிப்படையை நோக்கிய ஏற்பாடுகள் படிப்படியாக உருவாயின. 2009இல் ஒருவர் ஒருமுறை செய்யும் மாற்றங்கள் ஒரு தொகுதியாக்கப்பட்டு, அவற்றுக்கான காரணத்தை எழுதும் வழி வகுக்கப்பட்டது. 2014இல் அத்தொகுதியின் கீழேயே பிறர் வினவவும் அவர் விடையளிக்கவும் இடம் தரப்பட்டது. பெருந்தொகையான தரவை ஒருங்கே சேர்க்க விழைவோர் முன்கூட்டிப் பொதுவில் அறிவித்துக் கருத்துக் கேட்டல் வேண்டும் என்பது நெறியாயிற்று. 2018இல், கூலிக்கோ நிறுவனச் சார்பிலோ குழுவாக வரைவோர் தம் நோக்கத்தையும் முறையையும் பகிரங்கப்படுத்துதற்கான வழிகாட்டல்கள் ஏற்கப்பட்டன.

1834இற் கப்பற்றலைவனின் கடிதம் அறிவித்தலாக மாறியமைக்கும் இதற்கும் உள்ள ஒப்புமை தெளிவு. ஒரு பெரும் வேறுபாடும் உண்டு. அன்று ஆராய்ந்து முடிவுசெய்தது ஓர் அலுவலகம். இன்று அவ்வலுவலகத்தின் இடத்தில் இருப்பது பொதுக் கலந்துரையாடலே. அது நடைபெறாவிடின் முடிவுக்குப் பொறுப்பானவர் எவரும் இலர்.

மன்னார்ப் படத்தில் எழும் வினாக்கள்

மன்னார்ப் பெருநிலப்பரப்பிலுள்ள மிகப்பெரிய குளம் தமிழிற் கட்டுக்கரைக்குளம் என வழங்கும். சிங்களத்தில் அது யோத வெவ. ஆங்கிலேயர் இட்ட பெயர் ஜயன்ற்ஸ் ராங்க். பொதுப்படத்தின் தரவமைப்பில் ஒவ்வொரு மொழிப் பெயருக்கும் தனித்தனி இடமுண்டு. ஆகவே மூன்றையும் பதிவதில் இடரில்லை. ஆயின் முதன்மைப் பெயராக எது நிற்பது? இவ்வினாவை இரண்டு நண்பர்கள் தனிமடலிற் பேசி முடித்துவிடலாம். அவர்களின் முடிவு முற்றும் நியாயமானதாகவும் இருக்கலாம். ஆனால் அடுத்த திங்களில் அப்பெயர் மாறியிருப்பதைக் காணும் மூன்றாமவர்க்குத் தெரிவது மாற்றம் மட்டுமே. நியாயம் அவர் கண்ணிற் படாது. இடப்பெயர்களின் பின்னே இனங்களின் நினைவும் வேதனையும் படிந்துள்ள நாட்டில், காரணம் தெரியாத மாற்றம் உள்நோக்கம் உடையதாகவே கொள்ளப்படும். ஆதாம்பாலம், இராமர் அணை, சேது என வழங்கும் மணற்றிட்டுத் தொடருக்கும் இது பொருந்தும்.

அத்திட்டுக்கள் காற்றாலும் நீரோட்டத்தாலும் வடிவு மாறுவன. வெவ்வேறு காலத்து வான்படங்களை வைத்து வரையும் இருவர் இரு வேறு கரைக்கோடுகளைக் காண்பர். இருவரும் பிழையற்றவராகவும் இருப்பர். எந்தக் காலத்துப் படத்தைக் கொண்டு வரையப்பட்டது என்பது பொதுவில் எழுதப்பட்டிருப்பின் பூசல் எழாது. தனிமடலில் எழுதப்பட்டிருப்பின் ஒவ்வொரு தலைமுறைத் தன்னார்வலரும் அதே பூசலை மீண்டும் தொடங்குவர். முத்துக்குளிப்பின் இடைவெளிகளில் நேர்ந்திருக்கக்கூடிய அறிவிழப்புக்கு ஒப்பானது இது.

இவை வெளிப்படையை வேண்டுவன. மறைவை வேண்டும் செய்திகளும் மன்னாரில் உண்டு. முள்ளிக்குளம் மக்கள் 2007இல் தம் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அங்குக் கடற்படைத்தளம் அமைந்தது. 2017இல் நிலத்தின் ஒரு பகுதியை விடுவிக்க இணக்கம் காணப்பட்டது. இத்தகைய ஊரொன்றில் எது வீடு, எது கோவில், எது மக்கள் புழங்கும் வழி என்று ஒருவர் சொல்வாராயின் அவரது பெயரைப் பொதுவில் இடுவது அவருக்குத் தீங்காகலாம். அவ்வாறே, 1990 ஐப்பசியில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முசுலிம் மக்களின் கைவிடப்பட்ட மனைகளை வான்படத்திற் காணும் வெளிநாட்டுத் தன்னார்வலர் அவற்றை 'இடிபாடு' எனக் குறிக்கக்கூடும். அவை ஒருவரின் உரிமை நிலம் என்பதனை ஊரறிந்தவரே சொல்லல் வேண்டும். அவர் அதனைத் தனியாகவே சொல்ல விரும்பலாம்.

மீனவரின் அறிவும் இவ்வகையினதே. எவ்விடத்தில் எப்பருவத்தில் எம்மீன் கூடும் என்பது பேசாலை மீனவனுக்கு அவனது முதல். அதனைப் பொதுப்படத்தில் இட்டால் பெரிய விசைப்படகு உடையவரே முதலிற் பயன் பெறுவர். முத்துப்பார்கள் பற்றிய அறிவு எவ்வாறு உள்ளூரார் வாயிலிருந்து அறிக்கைக்கும், அறிக்கையுடன் நின்ற பார்கள் குத்தகைக் கம்பனிக்கும் சென்றன என்பதை நோக்கின் மீனவனின் மௌனம் அறியாமையால் எழுந்ததன்று என்பது விளங்கும்.

வெளிப்படைக்கு எதிராகப் பிறிதொரு வாதமும் கூறப்படுவதுண்டு. புதிதாய்ச் சேர்ந்த மாணவர் ஒருவர் செய்த பிழையைப் பலர் காணச் சுட்டினால் அவர் நாணி விலகிவிடுவார். பொதுக் கலந்துரையாடல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடைபெறுவதால், நாவன்மையும் ஓய்வும் உடைய சிலரின் குரலே அங்கு ஓங்கும். எனவே தமிழ்த் தன்னார்வலர் தம்முள் தனியே பேசிக்கொள்வதை நாடுவர். இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஹேட்மனின் அறிக்கை குளிகாரருக்கு எட்டாதிருந்தமைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. எல்லாரும் நுழையலாம் எனத் திறந்துவைத்த கூடமும் மொழி தெரியாதவர்க்கு மூடிய கூடமே. எனினும் இதற்கு மாற்று மறைவிற் பேசுவதாகாது. பொதுவிலே தமிழிலும் பேசுவதாகும். தமிழிற் பதிந்த காரணத்தைப் பிறர் மொழிபெயர்த்தேனும் படிக்கலாம். பதியாத காரணத்தை எம்மொழியிலும் படிக்க இயலாது.

பெறப்படுவன

மன்னார்க் கரையின் வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, பொதுப்படத்தில் நிலைத்து நிற்கப்போகும் எம்முடிவும், அதாவது ஒரு பெயர், ஓர் எல்லை, ஒரு வகைப்பாடு, அதற்கான காரணத்துடன் பொதுவில் பதியப்படல் வேண்டும். தனியே பேசித் துணிந்தாராயினும் அத்துணிவின் சுருக்கத்தைப் பின்னர் பொதுவில் எழுதுதல் கடன். இரண்டாவது, ஆளைப் பற்றிய பேச்சுத் தனிமையில் இருத்தல் நன்று. புதியவரின் பிழையைத் திருத்தும் அன்பும், செய்தி தந்தவரின் பெயரைக் காக்கும் பொறுப்பும் இதனுள் அடங்கும். செய்தி தந்தவரின் பெயரை மறைத்தும் செய்திக்கான காரணத்தை வெளியிட முடியும். மூன்றாவது, ஒருவரின் உயிருக்கோ பிழைப்புக்கோ ஊறு செய்யும் செய்தியைப் பொதுப்படத்தில் இடாது விடுவதே முறை. எது அத்தகையது என்பதனை முடிவுசெய்யும் உரிமை அச்செய்தியை உடையவர்க்கே உண்டு.

அடப்பனார்களின் அறிவு வாய்மொழியிலே தங்கி அவர்களோடு மறைந்தது. ஒல்லாந்தரின் படங்கள் பெட்டியுள் இருந்து காலங்கடந்தே வெளிவந்தன. பிரித்தானியரின் அறிக்கை வெளிப்படையாயிருந்தும் அறிவைத் தந்த மக்களுக்கு எட்டவில்லை. தந்தவரே எழுதவும், எழுதியதைத் தாமே படிக்கவும், படித்ததைத் திருத்தவும் வாய்ப்பளிக்கும் படம் மன்னார்க் கரைக்கு இப்போதே கிட்டியுள்ளது. தமிழ்ப் பல்கலைக்கழக மாணவர்கள் அதில் ஈடுபடுவாராயின், கட்டுக்கரைக்குளத்தின் வாய்க்கால்களுக்கும் கரையோரக் குடியிருப்புக்களுக்கும் உரிய பெயர்களை ஊராரிடம் கேட்டுப் பதிவதோடு, அப்பெயர்களை எவ்வாறு துணிந்தனர் என்பதனையும் தமிழில் எழுதிவைத்தல் வேண்டும். பின்னொரு காலத்தில் அப்படத்தைத் திருத்த வருபவருக்கு அவ்வெழுத்தே வழிகாட்டியாகும்.